பனிமூட்டப் படகுக்குப் பரிந்துரை இல்லை

மேற்கு 71ஆம் தெரு, நியூயார்க்
மார்ச் 3

டாக்டர் டெஸ்பினா வர்தாகிஸ் அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரிந்திருக்காது. இப்போது முன்னோட்டக் காட்சிகளில் ஓடிக்கொண்டிருக்கும் ‘பனிமூட்டப் படகு’ என்ற இசை நாடகத்தின் பாடல்களும் இசையும் என்னுடையவை. நேற்று மாலை அரங்கின் பின்வாசல் வழியாக நுழைந்தபோது, வாசல் காவலர் டுகன் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைக் குத்தி வைத்துவிட்டு, குற்றம் செய்தவர் போல விலகி நின்றார்.

“நான் எழுதல சார். ஒட்டச் சொன்னாங்க, ஒட்டினேன்.”

நீங்கள் ஆண்டுதோறும் சந்தாதாரர்களுக்கு அனுப்பும் ‘வசந்த ஊகம்’தான் அது. நியூயார்க் நாடக உலகின் பெரிய பரிசான டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்படப் போகிற நான்கு புதிய இசை நாடகங்கள் இவை என்று நான்கு பெயர்களை அடித்துச் சொல்லியிருந்தீர்கள். எங்கள் பெயர் அதில் இல்லை. அதோடு விட்டிருக்கலாம். கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: “பனிமூட்டப் படகு: எந்தப் பிரிவிலும் வாய்ப்பில்லை. இரண்டாம் பாதியில் நங்கூரம் போட்டுவிடுகிறது.”

எங்கள் நாடகம் இன்னும் அரங்கேறவில்லை, அம்மா. விமர்சகர்கள்கூட அதுவரை பொறுத்திருக்கிறார்கள். நீங்கள் யார் என்று விசாரித்தேன். அஸ்டோரியாவில் பல் டாக்டர் என்றார்கள். சிரித்தேன். பிறகு எங்கள் தயாரிப்பாளருக்குத் தொலைபேசி வந்தது. சங்கங்களுக்கும் பள்ளிகளுக்கும் மொத்தமாக டிக்கெட் பிடித்துத் தருகிற அம்மாள் உங்கள் தாளைப் படித்துவிட்டு, “மே மாசம் பரிந்துரை வர்ற வரைக்கும் பாத்துட்டுச் சொல்றேனே” என்று நழுவிவிட்டாராம். அப்போது சிரிப்பு நின்றுவிட்டது.

எங்களைப் போன்ற சிறிய நாடகத்துக்குப் பரிந்துரை கிடைக்கவில்லை என்றால் ஜூன் பிறப்பதற்குள் திரை விழுந்துவிடும். மேடையிலும் அதன் பின்னாலும் இசைக்குழியிலும் வேலை செய்கிற அத்தனை பேரும் மறுநாள் வேலை தேட வேண்டும். எந்தத் தகுதியில் அந்த வரியை எழுதினீர்கள்? என்னுடைய பாட்டு எந்தப் பல்லில் சிக்கிக்கொண்டது?

எர்வின் பிராட்கின்

*

அஸ்டோரியா, குவீன்ஸ்
மார்ச் 9

திரு. பிராட்கின் அவர்களுக்கு,

கோபக் கடிதங்கள் எனக்குப் புதிதல்ல. ஆனால் இவ்வளவு அழகான கையெழுத்தில் இதுவரை யாரும் திட்டியதில்லை.

தகுதி என்று கேட்டீர்கள். ஒன்றும் இல்லை. என் மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் பயந்துபோய் உட்கார்ந்திருப்பவர்களின் கவனத்தைத் திருப்பச் சுவரில் ஒரு தாள் ஒட்டினேன்: இந்த ஆண்டு எந்த நாடகங்களுக்குப் பரிந்துரை? நோயாளிகள் பந்தயம் கட்ட ஆரம்பித்தார்கள். பிறகு அவர்களுடைய மைத்துனர்கள் கேட்டார்கள். இப்போது தபாலில் அனுப்ப வேண்டியதாகிவிட்டது. கடந்த ஏழு ஆண்டுகளில் நான் சொன்ன இசை நாடகங்களில் ஒன்றுதான் தவறியது. அதுவும் அரங்கேற்றத்துக்கு முன்பே அந்த அரங்கின் கூரை ஒழுகியதால்.

நான் எப்படிக் கணிக்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒளிக்க ஒன்றும் இல்லை. மேடையை அதிகம் பார்க்க மாட்டேன். மக்கள் இருமுவதைக் கேட்பேன். சளி பிடித்தவன் எப்போது வேண்டுமானாலும் இருமுவான். சலித்தவன், பக்கத்தில் இருப்பவன் இருமிய பிறகுதான் இருமுவான். உங்கள் இரண்டாம் பாதியில் கேப்டன் தன்னந்தனியாக நின்று, கரை தெரியவில்லையே என்று பாடுகிறாரே, அந்த நீண்ட பாட்டு, அதில் இருமல் வரிசை வரிசையாக மாடி வரைக்கும் ஏறிப் போயிற்று. இரண்டு முறை வந்தேன், இரண்டு முறையும் அப்படித்தான். டிக்கெட்டை நானே வாங்கினேன்.

அடுத்து, இடைவேளையில் பெண்கள் கழிப்பறைக்கு வெளியே நிற்கும் வரிசை. அங்கே யாரும் பொய் சொல்வதில்லை. நாடகம் பிடிக்கவில்லை என்றால் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார்கள். உங்கள் வரிசையில் என் முன்னால் நின்ற இருவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

“படகுல காப்பி விக்கறாளே, அவ யாருடி? மறுபடி வருவாளா?”

“வரலேன்னா நான் வீட்டுக்குப் போறேன்.”

இது நல்ல செய்தி. ஆனால் அதே பெண்மணி நாடகம் முடிந்து படியிறங்கும்போது தோழியிடம் சொன்னது: “கேப்டன் பாடறச்சே, ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தினேனா இல்லையான்னு யோசிச்சிட்டே இருந்தேன்.”

பரிந்துரைக் குழுவில் இருப்பவர்களுக்கும் வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறது, திரு. பிராட்கின்.

டெஸ்பினா வர்தாகிஸ்

*

மார்ச் 15

டாக்டர் அவர்களுக்கு,

நீங்கள் சொன்னது பொய் என்று நிரூபிப்பதற்காகவே நேற்று அரங்கின் கடைசியில், சுவரோடு சுவராக நின்றேன். அந்தக் கேப்டன் பாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதை முப்பது வயதில் எழுதினேன். அதற்கேற்ற நாடகம் ஒன்று வரும் என்று மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, மூன்று வீடுகள் மாறி, ஒரு மனைவியை இழந்து (அவர் நலமாக இருக்கிறார், கனெக்டிகட்டில், வேறொருவருடன்), கடைசியில் அந்தப் பாட்டுக்காகவே ஒரு படகையும் ஒரு பனிமூட்டத்தையும் கட்டினேன்.

முதல் வரியில் ஒருவர் இருமினார். போகட்டும், குளிர்காலம். இரண்டாவது சரணத்தில் இடது பக்கம் தொடங்கி வலது பக்கம் போயிற்று. மூன்றாவது சரணத்தில் காசநோய் மருத்துவமனையில் நிற்பது போல இருந்தது.

மேடைக்குப் பின்னால் ஓடினேன். காப்பிக்காரியாக நடிக்கிற வில்லெட்டா டப்ஸ் நாற்காலியில் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன கவிஞரே, முகம் புளிச்ச மோர் மாதிரி இருக்கு?”

“வில்லெட்டா, நெஜத்தச் சொல்லு. அந்தப் பாட்டு நடுவுல உனக்கு இருமல் சத்தம் கேக்குதா?”

“கேக்குதாவா? நாங்க அதை வெச்சுத்தானே எழுந்து கெளம்பறோம்! மாடியில இருமல் கேட்டா, எனக்கு உள்ள போக இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்குன்னு அர்த்தம்.”

ஆக, என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. உங்களுக்கு நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் என் காதில் ஒரு இருமலைப் போட்டுவிட்டீர்கள். இனி அந்தப் பாட்டை என்னால் பாட்டாகக் கேட்கவே முடியாது. பாட்டு இருக்கும் இடத்திலேயே இருக்கும். மக்கள் வேண்டுமானால் மருந்து சாப்பிட்டுவிட்டு வரட்டும்.

எ. பிராட்கின்

*

மார்ச் 24

திரு. பிராட்கின் அவர்களுக்கு (அல்லது திரு. ஸ்மித் அவர்களுக்கு),

பல் உடைந்தால் நியூயார்க் நகரத்தில் ஆயிரம் டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆற்றைத் தாண்டி ரயிலேறி அஸ்டோரியாவுக்கு வந்து, பெயரையும் மாற்றிச் சொல்லி, என் நாற்காலியில் உட்கார்ந்தது எதற்காக என்று நான் கேட்கப் போவதில்லை. என்னை நேரில் பார்க்க விரும்பியிருப்பீர்கள். பார்த்தாயிற்று. கொம்பு கிம்பு ஒன்றும் இல்லை.

நான் உங்களை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று நீங்கள் யோசித்திருக்கலாம். மருந்தில் பாதி மயங்கியிருந்தபோது கேப்டன் பாட்டை முனகினீர்கள். துளைக்கும் இயந்திரத்தின் சத்தத்துக்குச் சுருதி சேர்த்து. என் உதவிப் பெண் நிக்கி, “டாக்டர், இவரு ஏதோ சொல்றாரு, வலிக்குதோ என்னவோ” என்று பயந்தாள். “வலி இல்லம்மா, இரண்டாவது சரணம்” என்றேன்.

அதற்குப் பிறகு நான் செய்தது சரியில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். வாயைப் பிளந்து, பஞ்சை அடைத்து, பதில் பேச முடியாத நிலையில் இருந்த ஒருவரிடம் அவருடைய நாடகத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். கேப்டன் பாட்டை எடுத்துவிடுங்கள் என்றேன். கேப்டனுக்குக் கரை தெரியாமல் போனது எங்கள் யாருக்கும் கவலையில்லை, அந்தக் காப்பிக்காரி மற்றவர்களுக்கெல்லாம் சூடாக ஊற்றிக்கொடுத்துவிட்டு, தான் எங்கே இறங்க வேண்டும் என்பதைச் சொல்லவே இல்லையே, அதுதான் கவலை என்றேன். அந்த இடத்தில் அவர் பாடட்டும் என்றேன். நீங்கள் கண்ணாலேயே என்னைக் கொன்றீர்கள். கண்ணீரும் வந்தது. அது பல்லுக்கா பாட்டுக்கா என்று தெரியவில்லை.

என் வேலை கணிப்பது, திருத்துவது அல்ல. அன்று எல்லை தாண்டிவிட்டேன். மன்னியுங்கள்.

உடைந்த பல்லின் மேல் இப்போது உறை மாதிரி வைத்திருப்பது தற்காலிக கேப். நிரந்தரமானதைப் பொருத்த ஒரு மாதம் கழித்து வாருங்கள். அதுவரை அந்தப் பக்கம் பேகல் ரொட்டி கடிக்க வேண்டாம்.

டெ. வர்தாகிஸ்

*

ஏப்ரல் 4

அன்புள்ள டாக்டர்,

எடுத்துவிட்டேன்.

உங்கள் நாற்காலியிலிருந்து இறங்கி ரயிலில் உட்கார்ந்தபோது உங்களைத் திட்டி ஒரு கடிதம் எழுதத் தாளை எடுத்தேன். பாதி வாய் மரத்துப் போயிருந்தது. எச்சில் ஒழுகியது. எதிரே ஒரு செவிலியர் சீருடையில், காலணியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். இறங்க வேண்டிய நிலையத்தின் பெயரை ஓர் அட்டையில் எழுதி, அங்கே யாராவது எழுப்பிவிட்டால் நன்றாயிருக்கும் என்றும் சேர்த்து, சட்டையில் குத்தியிருந்தார். சத்தியமாக. திட்டுக் கடிதத்துக்காக எடுத்த தாளில் வில்லெட்டாவின் பாட்டு பாதி எழுதி முடித்தபோது நான் என்னுடைய நிலையத்தைத் தாண்டியிருந்தேன்.

கேப்டனாக நடிக்கும் ட்ரெவரிடம் சொல்வதுதான் பயமாக இருந்தது. ஒரு நடிகரிடம் அவருடைய தனிப்பாட்டைப் பிடுங்குவது சாதாரண விஷயமா? ஒப்பனை அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, சுற்றி வளைத்துப் பத்து நிமிடம் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“அப்ப அந்தப் பாட்டு இனிமே இல்லையா?”

“இல்ல, ட்ரெவர். என்னை மன்னிச்சிரு.”

“எர்வின், கோவிச்சுக்காதே. அந்தப் பாட்டுல மூச்சு விடவே எடம் இல்லய்யா. ஒவ்வொரு ராத்திரியும் கடைசி அடிக்கு வர்றதுக்குள்ள கண்ணு இருட்டிக்கிட்டு வருது. உன் மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்ல மனசு வரல.”

என்னைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போய் மனைவிக்குச் சொல்ல ஓடிவிட்டார். நான் மட்டும் ஒப்பனை அறையில் தனியாக உட்கார்ந்து அந்தப் பழைய பாட்டுக்காகக் கொஞ்சம் அழுதேன். உங்களிடம் சொல்வதில் வெட்கமில்லை. என் அழுகையை நீங்கள் ஏற்கெனவே பார்த்தவர்.

வில்லெட்டா புதுப் பாட்டைப் பியானோ பக்கத்தில் நின்று ஒரு முறை வாய்க்குள் படித்தார். “இத்தனை நாள் இதை எங்கய்யா வெச்சிருந்தே?” என்றார். மூன்றாம் நாள் மேடையில் பாடினார். நான் சுவரோரம் நின்றேன். ஒரு இருமல் இல்லை. பாட்டு முடிந்ததும் கை தட்டினார்கள் பாருங்கள், கூரையிலிருந்து தூசு விழுந்தது.

13ஆம் தேதி அரங்கேற்றம். உங்களுக்கு ஒரு இருக்கை வைத்திருக்கிறேன். உங்கள் ‘வசந்த ஊக’த்தின் இறுதித் தாள் அதற்குப் பிறகுதானே போகும்? இனி என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். எனக்கே தெரியும்.

நன்றியுடன்,
எர்வின் பிராட்கின்

*

ஏப்ரல் 20

அன்புள்ள திரு. பிராட்கின்,

நீங்கள் அனுப்பிய டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாடியில் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். இலவச இருக்கையில் உட்கார்ந்தால் என் காது சரியாக வேலை செய்யாது.

வில்லெட்டா பாடியபோது நான் எதையும் கேட்கவில்லை, அந்தப் பாட்டைத் தவிர. யார் இருமினார்கள், யார் அசைந்தார்கள், ஒன்றும் நினைவில்லை. இத்தனை ஆண்டுகளில் எனக்கு அப்படி நேர்ந்ததில்லை. நாடகம் முடிந்து கழிப்பறை வரிசையில் நின்றபோதுகூட மற்றவர்கள் பேசியதைக் கேட்கவில்லை. யாரோ ஒருத்தி, “ஏன்மா, நகருங்க, உங்க முறைதான்” என்று தள்ள வேண்டியிருந்தது.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். இறுதித் தாளை நேற்று தபாலில் சேர்த்தேன். சிறந்த இசை நாடகத்துக்கான நான்கில் ‘பனிமூட்டப் படகு’ இல்லை. சிறந்த துணை நடிகைப் பிரிவில் வில்லெட்டா டப்ஸின் பெயரை முதலில் போட்டிருக்கிறேன்.

காரணம் சொல்கிறேன், கிழித்துப் போடாமல் படியுங்கள். இந்த ஆண்டு பெரிய நாடகங்கள் நான்கு இருக்கின்றன. ஒன்றில் மேடையில் நிஜ யானை மாதிரி ஒன்று நடக்கிறது. இன்னொன்றை லண்டனே கொண்டாடிவிட்டு அனுப்பியிருக்கிறது. உங்கள் நாடகத்துக்கு வந்த விமர்சனங்களில் பாதி நன்று, பாதி பரவாயில்லை. இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் உங்களுக்கு இடம் இல்லை. எனக்குப் பிடித்ததை நான் எழுதுவதில்லை, அவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதைத்தான் எழுதுகிறேன். எனக்குப் பிடித்ததை எழுத ஆரம்பித்தால் அது ஊகம் அல்ல, சிபாரிசு. மேலும் இந்த நாடகத்தின் ஒரு பாட்டு மாறியதில் எனக்கும் பங்கு உண்டு என்று தாளிலேயே சொல்லிவிட்டேன். படிப்பவர்கள் அதற்கேற்றபடி நம்பட்டும்.

உங்களுக்கு வலிக்கும் என்று தெரிந்தே எழுதினேன்.

டெஸ்பினா வர்தாகிஸ்

*

ஏப்ரல் 23

டாக்டர் வர்தாகிஸ் அவர்களுக்கு,

தாள் பலகையில் வந்துவிட்டது. இம்முறை டுகன் ஒட்டவில்லை, மறுத்துவிட்டார். வேறு யாரோ ஒட்டினார்கள்.

நீங்கள் சொன்னீர்கள் என்று என் பாட்டை வெட்டினேன். நீங்கள் சொன்ன இடத்தில் புதிதாக எழுதினேன். நீங்களே அதைக் கேட்டு மெய்ம்மறந்து நின்றேன் என்கிறீர்கள். பிறகு வீட்டுக்குப் போய் இடமில்லை என்று தட்டச்சு செய்கிறீர்கள். இதற்குப் பெயர் நேர்மையா? யானைக்குப் பயந்துவிட்டீர்கள் என்று நான் சொல்வேன்.

டிக்கெட் அம்மாள் இரண்டு பள்ளிக்கூடங்களை வேறு நாடகத்துக்குத் திருப்பிவிட்டார். பரிந்துரைகள் வரட்டும், இல்லையென்றால் அந்த வாரத்தோடு மூடிவிடலாம் என்று தயாரிப்பாளர் வெளிப்படையாகவே பேசுகிறார். நேற்று இசைக்குழியில் புல்லாங்குழல்காரர் வேறு வேலைக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தாளை மறைத்தார்.

29ஆம் தேதி கேப் மாற்றுவதற்கு நான் வருவதாக இல்லை. தற்காலிகமே போதும். இந்த நாடகத்தைப் போல.

எர்வின் பிராட்கின்

*

மே 1

அன்புள்ள திரு. பிராட்கின்,

நேற்று எங்கள் ஈஸ்டர். இந்தப் பெட்டியில் சிவப்பு முட்டைகளும் எள் பிஸ்கோத்தும் இருக்கின்றன. முட்டைகளை ஒன்றோடொன்று மோதுவோம், உடையாத முட்டைக்காரருக்கு அந்த ஆண்டு நல்லது நடக்கும் என்று கணக்கு. என் அண்ணன் பிள்ளைகள் எல்லோரையும் தோற்கடித்த முட்டையை உங்களுக்காக எடுத்து வைத்தேன். பெட்டியில் அது எது என்று பார்த்தாலே தெரியும். அதை வில்லெட்டாவிடம் கொடுங்கள். மற்றவற்றை நீங்கள் சாப்பிடலாம். கேப் இல்லாத பக்கமாகப் பார்த்து.

தாளில் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். அதை இன்றும் அப்படியேதான் எழுதுவேன். ஆனால் அதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அரங்கேற்ற இரவு பின்வாசல் வரை வந்தேன். உள்ளே நீங்கள் எல்லோரும் பாடிக்கொண்டிருந்தீர்கள். டுகன் கதவைத் திறந்து, “யாரம்மா, உள்ள வாங்க” என்றார். நான் விலாசம் தவறிவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓடிவிட்டேன். வாயைப் பிளந்து கிடப்பவரிடம் அவ்வளவு பேசத் தெரிந்த எனக்கு, வாயை மூடி நிற்பவரிடம் பேசத் தைரியம் இல்லை.

அண்ணன் மேசையில் கேட்டார்: “என்ன டெஸ்பினா, இந்த வருஷமும் நாலும் உன் கைக்குள்ளதானே?”

“இல்லண்ணா. இந்த வருஷம் நான் தோத்துப் போகணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். மது அதிகமாகிவிட்டது என்று நினைத்தார்கள். ஒரு சொட்டுக் குடிக்கவில்லை.

கேப் விஷயத்தில் பிடிவாதம் வேண்டாம். அது பசையில் நிற்கிறது, உங்கள் கோபத்தில் நிற்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

டெஸ்பினா

*

மே 10

அன்புள்ள டெஸ்பினா,

வார்த்தையைக் காப்பாற்றினீர்கள். கேப் பொருத்தி முடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. நிக்கிதான் பாவம், “டாக்டருக்குத் தொண்டை கட்டிருச்சா?” என்று மூன்று முறை கேட்டாள். ஆனால் வாசலில் என் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டீர்களே, அது பேச்சில் சேராது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பரிந்துரைகளை அறிவிக்கிற காலை யாராலும் வீட்டில் இருக்க முடியவில்லை. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே எல்லோரும் அரங்குக்கு வந்துவிட்டோம். தச்சர்கள், உடை தைப்பவர்கள், புல்லாங்குழல்காரர், ட்ரெவர் தன் மனைவியோடு. டுகனின் சிறிய வானொலியை மேடை நடுவில் ஒரு நாற்காலியில் வைத்து, சுற்றி நின்றோம்.

துணை நடிகை: வில்லெட்டா டப்ஸ். உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். வில்லெட்டா கத்தவில்லை. கைப்பையைத் திறந்து கண்ணாடியில் உதட்டுச் சாயம் சரி செய்துகொண்டார். “இனிமே பதட்டமில்லாமக் கேக்கலாம்” என்றார்.

அடுத்து நடன அமைப்பு, அதுவும் நமக்கு. அடுத்து பாடலும் இசையும். அதாவது நான். நான்கு பெயர்கள் வாசித்தார்கள். அதில் நான் இல்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ட்ரெவரின் மனைவி என் முதுகைத் தடவிக்கொடுத்தார். என் மனத்தில் முதலில் வந்தது என்ன தெரியுமா? பழைய பாட்டை வைத்திருந்தால் கிடைத்திருக்குமோ என்பதுதான். இவ்வளவுதான் நான்.

கடைசியில் சிறந்த இசை நாடகம். யானை. லண்டன். மூன்றாவதும் உங்கள் தாளில் இருந்ததுதான். நான்காவது பெயர் பாதியில் வானொலி கரகரத்தது. டுகன் அதன் தலையில் ஒரு போடு போட்டார். “...மூட்டப் படகு” என்றது.

டெஸ்பினா, நான் கத்தினேன். என் பெயரைத் தேடித் தேடிச் சுருங்கிப் போயிருந்தவன், தச்சர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு மேடையைச் சுற்றி ஓடினேன். அவர் என்னைவிட இரண்டு மடங்கு கனம். இடுப்பு இன்றும் பிடித்திருக்கிறது. புல்லாங்குழல்காரர் பையிலிருந்து அந்த விண்ணப்பக் கடிதத்தை எடுத்து, எல்லோரும் பார்க்கக் கிழித்தார். மதியத்துக்குள் டிக்கெட் சாளரத்தின் வரிசை தெருமுனையைத் திரும்பிவிட்டது. டிக்கெட் அம்மாள் இரண்டு பள்ளிக்கூடங்களைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார், நடுவில் ஒன்றுமே நடக்காதது போல.

எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று வில்லெட்டாவிடம் கேட்டேன். “அவங்க கேட்டது உன் பாட்டுன்னே தெரியல கவிஞரே. காப்பிக்காரி அவளாப் பாடினான்னு நெனச்சிட்டாங்க. அதுக்கு மேல உனக்கு என்ன வேணும்?” என்றார். இரவு முழுக்க அதை யோசித்தேன். காலையில் நன்றாகப் பசித்தது.

சரி. நீங்கள் தோற்றுவிட்டீர்கள். வாழ்த்துகள். ஏழு ஆண்டுப் புகழ் போயிற்று.

இன்னொன்று. புதிதாக ஒன்று ஆரம்பித்திருக்கிறேன். ரயிலில் தூங்கிய செவிலியர்தான் கதை. அடுத்த வாரம் வியாழக்கிழமை என் வீட்டில் ஒரு பியானோ, சில நாற்காலிகள், வில்லெட்டா, நான். முதல் நான்கு பாட்டுகளைப் பாடிப் பார்க்கப் போகிறோம். ஒரு நாற்காலி உங்களுக்கு. வேறு யாரும் கேட்பதற்கு முன் நீங்கள் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் வந்துவிட்டால் பிறகு அந்த நாடகத்தைப் பற்றி உங்கள் தாளில் எதுவும் எழுத முடியாது என்பதும் எனக்குத் தெரியும். உங்கள் சந்தாதாரர்களும் சும்மா விடமாட்டார்கள். யோசித்துச் சொல்லுங்கள்.

எர்வின்

*

மே 12

அன்புள்ள எர்வின்,

அறிவிப்பு வந்தபோது என் நாற்காலியில் தபால் அலுவலக மேற்பார்வையாளர் திரு. கலோஜெரோ இருந்தார், கடைவாய்ப் பல். என் வானொலியில் கரகரப்பு இல்லை. பாடல், இசைப் பிரிவில் உங்கள் பெயர் இல்லாத நான்கைக் கேட்டபோது கையில் இருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டேன். ஏழு ஆண்டுகளாக அந்தப் பட்டியலைத் தேர்வு வைத்த வாத்தியார் மாதிரிக் கேட்டவள், இந்த ஆண்டு பள்ளி வாசலில் நிற்கிற தாய் மாதிரி நின்றேன். படகின் பெயர் வந்ததும் நான் போட்ட சத்தத்தில் திரு. கலோஜெரோ பஞ்சோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“என்ன டாக்டர்? தப்பான பல்லப் புடுங்கிட்டீங்களா?”

“இல்ல சார். தப்பான நாடகத்தச் சொல்லிட்டேன்!”

நான் ஏன் சிரிக்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. என் தாளை நம்பி அவர் அலுவலகத்தில் பந்தயம் கட்டியிருந்தாராம். கட்டணத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து தபால்காரர் என் வாசலில் மூச்சு வாங்குகிறார். அவ்வளவு கேலிக் கடிதங்கள். “டாக்டர், உங்கள் காதைச் சோதிக்க நல்ல டாக்டர் சொல்லவா?” என்று ஒருவர். “நீங்களே திருத்திவிட்டு நீங்களே தோற்றீர்களே, இது என்ன கணக்கு?” என்று இன்னொருவர். எல்லாவற்றையும் காத்திருப்பு அறைச் சுவரில் ஒட்டிவிட்டேன். முன்பு ஒட்டியிருந்த ஊகத்தைவிட நோயாளிகள் இதை ரசித்துப் படிக்கிறார்கள். பல் பயமே போய்விட்டது.

உங்களுக்குப் பரிந்துரை வராததில் எனக்கு வருத்தம் உண்டு. இருக்கிறது என்று சொல்லிவிட்டேன், இனி அதைப் பற்றி ஆறுதல் சொல்ல மாட்டேன். வில்லெட்டா சொன்னதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது.

வியாழக்கிழமை விஷயம். இரண்டு நாள் யோசித்தேன் என்று எழுத நினைத்தேன், ஆனால் அது பொய். உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் நிக்கியைக் கூப்பிட்டேன்.

“வியாழக்கிழமை சாயங்காலம் யார் யாரு இருக்காங்க?”

“நாலு பேரு டாக்டர்.”

“எல்லாரையும் வெள்ளிக்கிழமைக்கு மாத்து.”

“ஏன், எங்க போறீங்க?”

“ஒருத்தர் வீட்டுக்கு. பாட்டுக் கேக்க.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அந்த ஸ்மித் வீட்டுக்கா?” என்றாள்.

அடுத்த வசந்தத்தில் என் தாளில் எல்லா நாடகங்களையும் பற்றி எழுதுவேன். உங்களுடைய செவிலியரைப் பற்றி மட்டும், “இவர்கள் எனக்கு வேண்டியவர்கள், என்னிடம் கேட்காதீர்கள்” என்று போட்டுவிடுவேன். சந்தாதாரர்கள் என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும்.

கீரை அடை கொண்டு வருகிறேன், வில்லெட்டாவுக்குப் பிடிக்கும்தானே? இதுவரை என் கடிதங்களை அரங்க முகவரிக்கே அனுப்பிவந்தேன்; 71ஆம் தெருவில் உங்கள் கதவு எண் கடிதத்தில் மழையில் நனைந்து அழிந்திருக்கிறது. பதினேழா, எழுபதா? எத்தனை மணிக்கு வரட்டும்? எதற்கும் சீக்கிரமே வந்து ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கிறேன்.

டெஸ்பினா